மகளின் மெயில் பெட்டியை நிரப்பிய வரலாறு

கீழக்குயில்குடி மலையில் சமணத் துறவிகள் படுப்பதற்காக வெட்டிய கல்படுக்கைகள் இருக்கின்றன. எத்தனையோ நூற்றாண்டுகளாக அவை யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. என் மகளின் முதல் வேலைக்கு மட்டும் உலை வைக்கப் பார்த்தன. படுக்கைகளைச் சொல்லிக் குற்றமில்லை. அவற்றைப் படம் எடுத்து அனுப்பியவள் நான். இன்றைக்கும் ஒரு மெயில் எழுதி முடித்து, அனுப்பும் பொத்தானை அழுத்தப் போகும்போது என் வலது கைக்குள் ஒரு நடுக்கம் வந்துவிட்டுப் போகிறது. என் கணவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அவர் கடையில் இதற்கு மருந்து இல்லையாம்.

நடந்தது இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆன சமயம். நான் ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். வீடு மதுரை வில்லாபுரத்தில். ஒருநாள் மாலை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த என் கணவர் தாள்களை எட்டிப் பார்த்தார்.

"ரோமுக்கு வரலாறு இருக்கு. பாபிலோனுக்கு இருக்கு. நம்ம வில்லாபுரத்துக்கு என்ன இருக்கு? மினி பஸ் வரும், மினி பஸ் போகும். அம்புட்டுதான்."

"இருக்கு" என்றேன்.

"எங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லு பாப்போம்."

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இருபது வருடமாக வரலாறு நடத்துகிறேன், குடியிருக்கும் தெருவைப் பற்றி ஒரு வரி தெரியவில்லை. அவர் கடலையை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார். மறுநாள் பள்ளி விட்டு வரும் வழியில் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். அட்டையில் 'வில்லாபுரமும் சுற்றுப்புறமும்: ஒரு வரலாறு' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். கணவரிடம் வீம்புக்குத் தொடங்கிய புத்தகம் அது. உலகத்தில் நிறையப் புத்தகங்கள் இப்படித்தான் தொடங்கியிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சனி, ஞாயிறுகளில் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களிடம் பழைய கதைகளைக் கேட்டு எழுதினேன். முதல் வீட்டில், நாயக்கர் காலத்து ராணி ஒருத்தி பல்லக்கில் இந்த வழியாகப் போனபோது அவர்கள் முன்னோர் வீட்டு வாசலில் நிறுத்தி மோர் வாங்கிக் குடித்தாள் என்று சொன்னார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வரி விடாமல் எழுதிக்கொண்டேன். இரண்டாவது வீட்டிலும் ராணி மோர் குடித்திருந்தாள். மூன்றாவது வீட்டில் மோரோடு ஊறுகாயும் தொட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தாவது வீட்டுக்கு நான் போய்ச் சேர்வதற்குள் செய்தி பரவிவிட்டது.

"டீச்சர், அந்த நாலு வீட்டுல குடிச்சதெல்லாம் பொய். எங்க வீட்டுலதான் குடிச்சா" என்றார் அந்த வீட்டுக்காரர். "அவுங்க வீட்டுல அந்தக் காலத்துல மாடே கிடையாது, விசாரிச்சுப் பாருங்க."

ராணி உண்மையிலேயே இந்தப் பக்கம் வந்திருந்தால், அத்தனை மோரையும் குடித்துவிட்டுப் பக்கத்து அவனியாபுரத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டாள் என்று என் கணவர் சொன்னார். நான் ஐந்து வீட்டையும் எழுதினேன். யாரையும் விட முடியாது. ஒரே தெருவில்தானே நாளைக்கும் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்க வேண்டும்.

வில்லாபுரத்துக்குள் கிடைத்தது போதவில்லை என்பதால் சுற்றுப்புறத்தைக் கொஞ்சம் தாராளமாக இழுத்து, கீழக்குயில்குடி வரை கொண்டுபோனேன். கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, மடியில் கேமராவை வைத்துக்கொண்டு போனேன். கல்படுக்கைகளைப் பார்த்ததும் கேமராவை எடுத்தேன். ஆனால் படத்தில் பார்க்கிறவர்களுக்கு அதன் நீளம் தெரிய வேண்டுமே. அளவுகோல் கொண்டு போகவில்லை. அதனால் கணவரைப் படுக்கச் சொன்னேன்.

"என்னையவா?"

"ரெண்டே நிமிஷம். கையைக் கட்டிக்கிட்டு மல்லாந்து படுங்க."

மலை ஏறிய களைப்பு அவருக்கு. நிழல், குளிர்ந்த கல். நான் நாலு கோணத்தில் எடுத்து முடிப்பதற்குள் குறட்டை கேட்டது. முழுக்கைச் சட்டை, மேல் எழும்பிய தொப்பை, பாதி திறந்த வாய். இந்தப் படங்கள்தான் பின்னால் சென்னை வரைக்கும் போயின.

அந்த வருடம்தான் எங்கள் ஒரே மகள் எம்.சி.ஏ. முடித்துவிட்டு, வேலை தேடிக்கொண்டே ஏதோ ஒரு கணினிப் பயிற்சியும் படிப்பதாகச் சொல்லிச் சென்னைக்குப் போனாள். இன்னும் இரண்டு பெண்களோடு ஒரு மாடி அறை. அறையில் போன் கிடையாது. அவளாக பூத்துக்குப் போய் வீட்டுக்குப் பேசினால்தான் உண்டு. மற்றபடி மெயிலில் பேசிக்கொள்ளலாம் என்றாள். எனக்கு மெயில் என்றால் ரயில்தான் தெரியும்.

எங்கள் தெரு முனையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த பாய், அப்போதுதான் அதை பிரௌசிங் சென்டராக மாற்றியிருந்தார். என் வயதுதான் இருக்கும் அவருக்கும். பிளைவுட் அடித்த நாலு தடுப்பு, ஒவ்வொன்றுக்கும் பச்சைத் திரை, வாசலில் ஒரு பலகை: 'வைரஸ் வரும். செருப்பை வெளியே விடவும்.' தூசியையும் வைரஸையும் பாய் ஒன்றாக வைத்துப் பார்த்தாரா, ஜனங்களைக் கழற்ற வைக்க இது ஒரு வழி என்று கண்டுபிடித்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் செருப்பைக் கழற்றியதோடு குழாயில் காலையும் கழுவிக்கொண்டு உள்ளே போவேன்.

பாய்தான் எனக்கு ஒரு மெயில் பெட்டி திறந்து கொடுத்தார். விதிகளும் சொல்லிக் கொடுத்தார்.

"டீச்சரக்கா, ஒண்ணே ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க. தெரியாத ஆளுகிட்டேருந்து இங்கிலீஷ்ல எதுனா வந்துச்சுன்னா தொறக்கவே தொறக்காதீங்க. அப்புடியே அழிச்சிருங்க. வைரஸ். உள்ள வந்துச்சுன்னா எம் மிசினு மொத்தத்தையும் தின்னுட்டுத்தான் போகும்."

"தொறக்க மாட்டேன் பாய்."

"அல்லா மேல ஆணையா சொல்றேன், தொறக்காதீங்க."

முதல் மெயிலில் சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று நாலு வரி, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பினேன். மகள் பதில் போட்டாள். கூடவே அவள் அறை ஜன்னலிலிருந்து எடுத்த ஒரு படம். ஒரு வேப்பமரம், பின்னால் யாரோ காயப்போட்ட வேட்டி. அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷத்தை விடச் சங்கடம்தான் அதிகமாக வந்தது.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் குழம்போ பணியாரமோ வந்தால், கிண்ணத்தைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒரு கை சர்க்கரை, இரண்டு வாழைப்பழம், ஒன்றுமே இல்லையென்றால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே ஊறிப்போனது. மகள் ஒரு படம் வைத்து அனுப்பியிருக்கிறாள். நான் எப்படி வெறும் நாலு வரியைத் திருப்பி அனுப்புவது? கை வரவில்லை.

அப்போதுதான் புத்தகம் ஞாபகம் வந்தது. தமிழில் அடித்து அனுப்பினால் அங்கே எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரியும் என்று பாய் சொன்னார். அதனால் நான் கையால் எழுதிய பக்கங்களை அவருடைய ஸ்கேனரில் வைத்துப் படமாக எடுத்து, மெயிலோடு இணைத்தேன். அந்த வாரம் முதல் அத்தியாயம் போயிற்று. மகள் படித்துவிட்டு, 'அம்மா, அஞ்சு வீட்டு மோர் சூப்பர்' என்று எழுதினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுதுகிறவருக்கு ஒரே ஒரு வாசகர் கிடைத்துவிட்டால் போதும், அப்புறம் அந்த வாசகரின் பாடு திண்டாட்டம்தான்.

அவள் வெறும் வாசகர் மட்டும் இல்லை. ஒருமுறை வில்லாபுரத்தில் ஒரு வீட்டுச் சுவரோரமாக, தேய்ந்த எழுத்துகளோடு ஒரு கல் கிடப்பதைக் கண்டுபிடித்தேன். 'வில்லாபுரத்துப் புதிர்க்கல்' என்று ஒரு முழு அத்தியாயம் எழுதினேன். பழைய எழுத்து வகைகளையெல்லாம் புரட்டி, இது எந்த அரசன் காலத்தது என்று ஒன்பது பக்கம் விவாதம். மூன்று படம் எடுத்து அனுப்பினேன். மகளிடமிருந்து ஒரு வரி பதில் வந்தது: 'அம்மா, படத்தைத் தலைகீழாத் திருப்பிப் பாரு. மைல்கல்.'

திருப்பிப் பார்த்தேன். மைல்கல்தான்.

நோட்டைக் கரையான் அரித்துவிடும், எலி கடித்துவிடும், மழையில் கூரை ஒழுகும் என்று எனக்கு எப்போதும் பயம். அதனால் மகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நான் அனுப்புவது எதையும் அழிக்கக் கூடாது, அதுதான் புத்தகத்தின் பத்திரமான பிரதி என்று. அவளும் சரி என்றாள். அந்தக் காலத்து இலவச மெயில் பெட்டி தீப்பெட்டி அளவுதான் கொள்ளும் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத பெட்டி என்றால் அடியில்லாத பெட்டி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த நிலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் பூத்திலிருந்து பேசினாள். குரலில் குதிப்பு.

"அம்மா, இன்டர்வியூ நல்லாப் பண்ணிருக்கேன். புனேல வேலை. இந்த வாரத்துக்குள்ள மெயில் வரும்னு சொல்லிருக்காங்க."

"புனேயா? அது மகாராஷ்டிராவுல இருக்கு."

"தெரியும்மா. கேளு. மெயில் வந்தா வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வாரேன்னு பதில் போட்டுறணும். போடலைன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க. வெயிட்டிங் லிஸ்ட்ல நெறையப் பேரு."

இது அவள் போன நாலாவது கம்பெனி. முதல் மூன்றும் கை விரித்துவிட்டன. இதுவும் இல்லையென்றால் அறையைக் காலி செய்துவிட்டு மதுரைக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். எனக்கு அந்த வேலை அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று இருந்தது. புனே என்ற ஊர் இந்தியப் படத்தில் எங்கே இருக்கிறது என்றும் கண்முன் வந்துகொண்டே இருந்தது. வரைபடத்தில் மதுரைக்கும் புனேக்கும் நடுவில் என் விரல் அகலத்தில் நாலு வைக்கலாம்.

திங்கட்கிழமையிலிருந்து என் நரம்பெல்லாம் தந்தி அடித்தது. பள்ளி விட்டதும் நேராக பாய் கடைக்குப் போய், 'வந்துவிட்டதா?' என்று மகளுக்கு ஒரு மெயில். ஒற்றை வார்த்தையை வெறுமனே அனுப்பலாமா? நாலாம் அத்தியாயத்தில் மூன்று பக்கம் இணைத்தேன். செவ்வாய்க்கிழமை கல்படுக்கை, கணவரோடு. புதன்கிழமை கல்படுக்கை, இன்னொரு கோணம். வியாழக்கிழமை பதற்றம் தாங்காமல் இரண்டு முறை போனேன். வெள்ளிக்கிழமை எதுவும் மிச்சமில்லாததால், கல்படுக்கைக்கு ஏறும் வழியில் எடுத்த குரங்கின் படம்.

இதற்கு நடுவே, என் பெட்டியில் புதிதாக ஒரு தொந்தரவு. புதன்கிழமை தொடங்கி, முன்பின் தெரியாத ஒரு ஆளிடமிருந்து இங்கிலீஷில் மெயில் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றையும் பாய் சொல்லிக் கொடுத்தபடி, திறக்காமல் அழித்தேன்.

"இன்னைக்கும் வந்துச்சு பாய். ரெண்டு."

"நீங்க தொறக்கலையே?"

"நான் ஏன் தொறக்குறேன்?"

"மாஷா அல்லா. நம்ம சென்டர்லயே உங்க அளவுக்குச் சூதானமான ஆளு கிடையாது டீச்சரக்கா."

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுப் போன் அடித்தது. மகள். குரலில் குதிப்பு இல்லை.

"அம்மா, நீ செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் மெயில் போடலையா?"

"தினம் போட்டேனே. வியாழக்கிழமை ரெண்டு போட்டேன்."

பூத் மீட்டர் ஓடும் சத்தம் கேட்டது.

"எனக்கு வரவே இல்லம்மா. நீ ஒருவழியா ஓய்ஞ்சுட்டேன்னு நெனச்சு நான் சந்தோசமா இருந்தேன்."

"ஏன் வரலை?"

"கிளாஸ் முடிஞ்சு ஓடி ஓடிப் பாத்ததுல கவனிக்கலை. இன்னைக்குத்தான் மேல இருக்குற செவப்பு எழுத்தைப் படிச்சேன். பெட்டி நெறஞ்சு போச்சும்மா. புதன்கிழமையே நெறஞ்சு போச்சு. அதுக்கப்புறம் யாரு என்ன அனுப்பிருந்தாலும் திரும்பிப் போயிருக்கும்."

"யாரு அனுப்புனாலுமா?"

"யாரு அனுப்புனாலும்."

எனக்குப் புரிந்துவிட்டது. புனேக்காரர்கள் அனுப்பினாலும்தான்.

"நீ ஏன் பழசை அழிக்கலை?"

"நீதானம்மா அழிக்கக் கூடாதுன்னு சொன்ன."

அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. சத்தமே போடவில்லை. இன்றைக்கும் நாளைக்கும் கம்பெனி லீவு, திங்கட்கிழமை காலையில் இன்டர்வியூ நடந்த சென்னை ஆபீசுக்கே நேரில் போய்ப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். என்னை வாட்டி எடுத்தது அந்தத் தணிந்த குரல்தான்.

கடையைப் பூட்டிவிட்டு வந்த கணவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே முழுவதும் கேட்டார்.

"அப்போ எம் படமும் அந்தப் பெட்டிக்குள்ள இருக்கா?"

"ஒண்ணு இருக்கு."

"நான் படுத்துக் கெடந்து எம் மக வேலையை அடைச்சுட்டேன்னு சொல்லு." கொஞ்ச நேரம் கழித்து, விளையாட்டாகத்தான் சொன்னார்: "புள்ளையை மதுரைக்கே திரும்ப வரவைக்க நல்ல வழி கண்டுபிடிச்சுருக்க டீச்சர்."

விளையாட்டுக்குச் சொன்னதுதான். எனக்கு அது சோற்றில் கல் மாதிரி கடிபட்டது. ராத்திரிச் சாப்பாட்டை வைத்துவிட்டு நான் சாப்பிடவில்லை. புனேயிலிருந்து மதுரை நாலு விரல் என்று அளந்தது யார்? நான்தானே. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் ஒரு மூலையில் இருந்திருக்குமோ? சான்றுகளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான். சான்றெல்லாம் எனக்கு எதிராகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பாய் ஷட்டரைப் பாதி தூக்கும்போதே நான் குனிந்து உள்ளே போய்விட்டேன்.

"பாய், அனுப்புன மெயிலைத் திரும்ப எடுக்க முடியுமா?"

"தும்முன தும்மலை மூக்குக்குள்ள திரும்ப எடுக்க முடியுமா டீச்சரக்கா?"

நடந்ததைச் சொன்னேன். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு ஏதோ தோன்றியவராக, "அந்தத் தெரியாத ஆளு மெயிலு இன்னும் ஒண்ணு ரெண்டு இருக்கா?" என்று கேட்டார். ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை குரங்குக்கு வந்தது. பாய் பயந்துகொண்டே திறந்தார். நான் பயத்தில் காலைத் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டேன். வைரஸ் இல்லை. நீங்கள் அனுப்பியது போய்ச் சேரவில்லை, பெறுகிறவரின் பெட்டியில் இடம் இல்லை என்று மிகவும் மரியாதையாக எழுதியிருந்தது. புதன்கிழமையிலிருந்து எனக்குச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறது.

"தப்பு என்னோடதுதான் அக்கா" என்றார் பாய், முகம் செத்துப்போய்.

"இல்ல பாய். குரங்கு வரைக்கும் போனது நான்தான்."

மகள் தன் பெருமைக்காக அந்தக் கம்பெனியின் இன்டர்வியூ கடிதத்தை எனக்கும் அனுப்பியிருந்தாள். அதன் அடியில், ஆள் எடுக்கும் அதிகாரி அம்மாளின் மெயில் முகவரி இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபது வருடம் வகுப்பாசிரியையாக எத்தனை ஆயிரம் விடுப்பு விண்ணப்பம் வாங்கியிருப்பேன்! பெற்றோர் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தால், காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குப் பரீட்சையைக்கூட மறுபடி வைப்போம். எனக்குத் தெரிந்த ஒரே வழி அது.

எழுதினேன். ஆங்கிலத்தில்தான். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'மதிப்பிற்குரிய அம்மையீர், என் மகளின் மெயில் பெட்டி புதன்கிழமை முதல் அளவுக்கு மீறிய நிறைவால் அவதிப்பட்டு வந்தபடியால், அவளால் தங்கள் கடிதத்தைப் பெற இயலவில்லை. இதில் அவள் தவறு ஏதுமில்லை. அன்புகூர்ந்து அவளை மன்னித்து, இரண்டு நாள் கால நீட்டிப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் கீழ்ப்படிதலுள்ள, தாய்.'

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெறும் வார்த்தையை அவர்கள் ஏன் நம்ப வேண்டும்? ஆதாரம் வேண்டாமா? பாய் நான் செய்வதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"டீச்சரக்கா, வேணாம். சொன்னாக் கேளுங்க."

"சான்று இல்லாம எழுதுனா அது வரலாறே இல்ல பாய்."

"அதுக்கு அண்ணன் படுத்திருக்குறதையா அனுப்புவாங்க? வேற ஏதாச்சும் நல்ல படமாப் பாருங்க."

"பெட்டியை அடைச்சது இதுதானே? குரங்கு போய்ச் சேரவே இல்லையே."

"அந்தம்மா பெட்டியும் நெறஞ்சு போச்சுன்னா?"

"கம்பெனிப் பெட்டி பெருசா இருக்கும்" என்று சொல்லி, பொத்தானை அழுத்திவிட்டேன். அழுத்திய அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது, இதைச் செய்திருக்கக் கூடாது என்று. ஆனால் தும்மியாகிவிட்டது.

திங்கட்கிழமை பள்ளியில் ஒரே வகுப்புக்கு இரண்டு முறை வருகைப் பதிவு எடுத்தேன். இரண்டாவது முறையும் எல்லோரும் பொறுமையாக 'உள்ளேன் டீச்சர்' என்றார்கள். மாலை வீட்டுக்குள் நுழையும்போது கணவர் கடையைப் போட்டுவிட்டு வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததும் அவர்தான் எடுத்தார். கேட்டார். 'ம்' என்றார். மறுபடி 'ம்' என்றார். அப்புறம் அவர் முகம் ஒரு மாதிரி கோணியது.

"எதை அனுப்புனா?" என்றார் போனில். "என்னையவா?"

நான் போனைப் பிடுங்கினேன்.

"வேலை என்னாச்சுடி?"

"கிடைச்சிருச்சும்மா." மகளின் குரல் களைப்பாக இருந்தது. "காலைல எட்டு மணிக்கே போய் வாசல்ல உக்காந்துட்டேன். அந்த மேடம் கார்லேருந்து எறங்குனதும் நேராப் போய்ச் சொன்னேன். அவங்க அனுப்புனது திரும்பி வந்துருச்சுன்னு அவங்களுக்கும் தெரிஞ்சுருக்கு. இன்னும் வேற யாருக்கும் குடுக்கலை. அங்கேயே பிரிண்ட் எடுத்துக் கையெழுத்து வாங்கிட்டாங்க. பத்து மணிக்கெல்லாம் எல்லாம் முடிஞ்சு போச்சு."

"பத்து மணிக்கேவா?" என் கடிதம் ஒன்றும் தேவைப்படவில்லை. "அப்புறம்?"

"அப்புறம் நான் கிளம்பிப் படிக்கட்டு எறங்கும்போது பியூன் ஓடி வந்து திரும்பக் கூப்புட்டாரு. மேடம் அவங்க மெயிலைத் தொறந்துட்டாங்க."

"தொறந்துட்டாங்களா?"

"உள்ள போனா, நாலு பேரு கம்ப்யூட்டரைச் சுத்தி நிக்கிறாங்க. ஸ்கிரீன் முழுக்க அப்பா. வாயத் தொறந்துக்கிட்டு. மேடம் கேக்குறாங்க, 'இது யாரு? உயிரோடதானே இருக்காரு?'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"தூங்குறாருன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல? உங்கம்மா என்ன பண்றாங்கன்னு கேட்டாங்க. புத்தகம் எழுதுறாங்கன்னேன். அதுல ஒருத்தரு அந்த இடம் எங்க இருக்கு, போய்ப் பாக்கணும்னு உன்னோட கீழக்குயில்குடிக்கு வழி வேற கேட்டாரு."

"வழி சரியாச் சொன்னியா? நாகமலைப் பக்கமா..."

"அம்மா."

பக்கத்தில் கணவர், தான் உயிரோடு இருப்பதைச் சொல்லிவிடு என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் முதல் தேதி புனேயில் சேர வேண்டும் என்றாள். இரண்டு பெட்டி வாங்க வேண்டும், ஸ்வெட்டர் வேண்டும் என்றாள். நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டா? நான் அம்புட்டுத் தூரம் போறது உனக்குப் பிடிக்கலைதானே?"

இரண்டு நாளாக நான் எனக்குள் ஓட்டிக்கொண்டிருந்த விசாரணை இதுதான். பொய் சொல்ல முடியவில்லை.

"பிடிக்கலை" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது. "ஆனா சாமி சத்தியமா நான் வேணும்னு செய்யலை."

அந்தப் பக்கம் முதலில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று பதறிப்போனேன். சிரிக்கிறாள்.

"தெரியும்மா" என்றாள். "வேணும்னு செய்யுற அளவுக்கு உனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது."